கடலோரக் காம்பிங்கில் ஒரு சோம்பல் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் போதும், எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வர ஆரம்பித்துவிடும். லண்டனிலிருந்து நாத்தனார், புதுச்சேரியிலிருந்து அண்ணி, பாரிஸ் புறநகரில் நாலு தெரு தள்ளியிருக்கும் சித்தப்பா. நாங்கள் வருடா வருடம் பிரான்சின் அட்லாண்டிக் கரையில், பிஸ்கரோஸ் பக்கம் கூடாரம் போடுகிறோம் என்பது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுதான் காரணம். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

காம்பிங்னா என்ன? காட்டுக்குள்ள போய்க் கூடாரம் அடிச்சுக்கறதா?

பாதி சரி. இங்கே 'காம்பிங்' என்பது அந்த இடத்துக்கே பெயர். பெரிய தோப்பு ஒன்றுக்கு வேலி போட்டு, வாசலில் தடுப்புக்கட்டை வைத்து, உள்ளே வரவேற்பறை, குளியலறைக் கட்டடம், ஒரு குட்டி மளிகைக் கடை என்று கட்டியிருப்பார்கள். தோப்பை மனை மனையாகப் பிரித்து எண் போட்டிருக்கும். ஒரு மனையை வாடகைக்கு எடுத்து உங்கள் கூடாரத்தையோ கேரவனையோ அதில் போட்டுக்கொள்ளலாம். கூடாரமே வேண்டாம் என்பவர்களுக்கு 'மொபில் ஓம்' இருக்கிறது. சக்கரத்தின் மேல் நிற்கும் சின்ன வீடு அது; சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே.

ஓட்டல் மாதிரி இதற்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரம் உண்டு. ஐந்து என்றால் சறுக்குக் குழாய் வைத்த நீச்சல்குளம், ராத்திரி பாட்டுக் கச்சேரி. எங்களுக்கு இரண்டு, மூன்றுதான் சரிப்பட்டு வருகிறது.

ஓட்டல்ல தங்கினா என்ன? காசு மிச்சம் பிடிக்கத்தானே இதெல்லாம்?

காசும் ஒரு காரணம், மறைப்பானேன். ஆனால் பக்கத்து மனையில் நிற்கும் காரைப் பார்த்தால் எல்லோரும் காசுக்காக வரவில்லை என்று தெரியும். 1936-ல் பிரான்சில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. அதுவரை கடலையே பார்த்திராத குடும்பங்கள் மிதிவண்டியிலும் ரயிலிலும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. அந்த விடுப்பு 1956-ல் மூன்று வாரமாகி, 1969-ல் நான்காகி, 1982-ல் ஐந்தானது. எங்கள் எதிர் மனைப் பாட்டி சின்னப் பிள்ளையில் அப்பாவோடு வந்த அதே கடற்கரைக்குத்தான் இப்போது பேரனோடு வருகிறார்.

எந்த ஊரு, எந்த மாசம் வரணும்?

பாரிஸிலிருந்து சுமார் 650 கி.மீ. பொர்தோவைத் தாண்டித் தென்மேற்கே போனால் லாந்து மாவட்டம். அதன் வடகோடியில் பிஸ்கரோஸ். பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அப்போது விலையும் உச்சம், கூட்டமும் உச்சம். சின்னப் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜூன் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வாருங்கள். அதே மனை பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

ஜூலைக்காரர்கள் திரும்ப, ஆகஸ்டுக்காரர்கள் கிளம்ப, இரண்டு கூட்டமும் சாலையில் முட்டிக்கொள்ளும் சனிக்கிழமைக்குக் 'கறுப்புச் சனி' என்று பெயர். சாலை நெரிசலை முன்கூட்டிச் சொல்லும் அரசின் 'பிசோன் ஃபுத்தே' சேவை எந்த நாள் பச்சை (சாலை காலி), எந்த நாள் கறுப்பு (கடும் நெரிசல்) என்று முன்கூட்டியே நாள்காட்டி போட்டுவிடும். 1976-லிருந்து நடக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு வருடம் கிளம்பி, பொர்தோ சுற்றுச்சாலையில் எலுமிச்சை சாதத்தைக் காரிலேயே மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

எந்த மனை கேட்கணும்? எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கத்து மனை வசதி என்று தோன்றும். ராத்திரி முழுக்கக் கதவு அடிக்கும், செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஐம்பது அறுபது அடி தள்ளிக் கேளுங்கள். நிழல் வேண்டும், ஆனால் பைன் மரத்துக்கு நேர் கீழே கூடாரம் வேண்டாம். பிசின் சொட்டினால் துணியிலிருந்து போகவே போகாது. நடுராத்திரி பைன் காய் கூரையில் 'டொக்'கென்று விழுந்தால் நீங்களும் எழுந்து உட்காருவீர்கள்.

தரை முழுக்க மணல், மேலே பைன் ஊசி. கூடாரத்தோடு வரும் குச்சி ஆணிகள் இதில் நிற்காது. மணலுக்கென்றே விற்கும் நீளமான, அகலமான முளைகளை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காடே மனிதர் நட்டதுதான். முன்பு இந்தப் பகுதி சதுப்பு. ஆடு மேய்ப்பவர்கள் பொய்க்காலில் நடந்து திரிந்த நிலம். 1857-ல் மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சட்டம் ஒன்று வந்து, நீரை வடித்து வரிசை வரிசையாகப் பைன் நட்டார்கள்.

அது சரி, நாள் பூரா அங்க என்னதான் பண்ணுவீங்க?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஒன்றும் பண்ணமாட்டோம் என்றால் யாரும் நம்புவதில்லை. எனவே ஒரு நாளை அப்படியே சொல்கிறேன்.

காலை ஏழரைக்கு ரொட்டி. முந்தின நாள் மாலையே வரவேற்பறையில் எத்தனை பாகெத், எத்தனை குருவாசான் என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ராத்திரி உடுப்போடு, தலையும் வாராமல்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. வரும் வழியிலேயே பாகெத்தின் முனையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வது என் வீட்டுக்காரரின் உரிமை. பிறகு காபி. ஃபில்டரை ஊரிலிருந்து கொண்டுவந்தவள் நான். டிகாக்ஷன் இறங்கும் வரைக்கும் பேச்சே கிடையாது.

அதன் பிறகு அன்றைய முக்கிய வேலை, நாற்காலியை நகர்த்துவது. ஒன்பது மணிக்குக் கூடார வாசலில் இருக்கும் நிழல் பதினொன்றுக்கு மேசைக்குப் போகும், இரண்டுக்குக் கார்ப் பக்கம். நாமும் கூடவே போவோம். மதியம் தக்காளி, முலாம்பழம், டப்பா மத்தி, மிச்ச ரொட்டி. சாப்பிட்டதும் தோப்பே அடங்கிவிடும். வெயிலில் பைன் காய்கள் வெடித்துத் திறக்கும் சத்தம் மட்டும் 'டப்... டப்...' என்று கேட்கும். ஐந்து மணிக்குமேல், கடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, மணல்மேட்டுப் பலகைப் பாதையில் ஏறி இறங்கிக் கடற்கரை. திரும்பி வந்து குளித்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஊர்வலம். ஜூலையில் சூரியன் மறைவது ஒன்பதே முக்கால் வாக்கில். அதைப் பார்க்க இன்னொரு முறை மேடு ஏறுவதும் உண்டு, சோம்பலாக இருந்தால் இல்லை.

பார்க்க வேண்டிய இடம் ஒண்ணுகூட இல்லையா?

இருக்கிறது. வடக்கே பிலா மணல்மேடு, 100 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஐரோப்பாவிலேயே உயரமான மணல்மேடு. பிஸ்கரோஸிலேயே நீர்விமான அருங்காட்சியகம். மிதிவண்டிக்காரர்களுக்குக் கடலோரம் நெடுகப் போகும் 'வெலோதிசே' பாதை. பிரான்சின் வடமேற்கு மூலையான பிரித்தானிப் பகுதியிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை 1,200 கி.மீ.க்கு மேல். போய்ப் பாருங்கள். ஆனால் அதற்கு வேறொரு நாள் வையுங்கள். சித்தப்பா முதல் வருடம் காலை எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று அட்டவணை போட்டுவந்தார். மூன்றாம் நாள் அந்தத் தாளில் மத்தி முள்ளைச் சுற்றிப் போட்டோம்.

பாத்ரூம் எப்படி? தண்ணி இருக்குமா?

பெண்கள் எல்லோரும் இதைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள். பொதுக் கட்டடம்தான், ஆனால் வரிசையாகத் தனித்தனி அறைகள், தாழ்ப்பாள், வெந்நீர் எல்லாம் உண்டு. தினமும் கழுவிவிடுகிறார்கள். காலை ஒன்பதுக்கும் மாலை ஏழுக்கும் கூட்டம். மதியத் தூக்க நேரத்தில் குளித்தால் கட்டடமே உங்களுக்கு.

கழிப்பறைக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோ மூடி போட்ட செம்போ எடுத்துப்போங்கள். விலை குறைந்த இடங்களில் காகிதமும் வைத்திருக்க மாட்டார்கள், அதையும் நாமே கொண்டுபோக வேண்டும். காகித உருளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோகும் வெள்ளைக்காரத் தாத்தாவைப் பார்த்த பிறகு நமக்குச் செம்பு கொண்டுபோகக் கூச்சம் வராது.

சோறு வடிக்க முடியுமா? ரைஸ் குக்கர், மிக்ஸி கொண்டு வரலாமா?

கேஸ் அடுப்பில் தாராளமாக. கரண்டில் என்றால் கணக்குப் போட வேண்டும். மனை எடுக்கும்போது 6 ஆம்பியரா 10 ஆம்பியரா என்று கேட்பார்கள். 10 என்றால் சுமார் 2,300 வாட், 6 என்றால் 1,380 வாட். ரைஸ் குக்கர் 700 வாட் இழுத்தால் இரண்டிலுமே ஓடும். கெட்டில் 2,200 வாட். முதல் வருடம் நான் 6 ஆம்பியரில் கெட்டிலைப் போட்டேன். எங்கள் மனை மட்டுமல்ல, அதே பெட்டியில் சேர்ந்திருந்த இன்னும் மூன்று மனையும் இருண்டது. பெட்டிக்குப் பூட்டு, சாவி வரவேற்பறையில், வரவேற்பறை மூடியாகிவிட்டது. அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை நாலு குடும்பமும் டார்ச் வெளிச்சத்தில் முடித்தோம்.

சாதாரண வீட்டுப் பிளக் மனைப் பெட்டியில் பொருந்தாது. மூன்று முனை உள்ள நீல நிறக் காம்பிங் பிளக்கும் 25 மீட்டர் ஒயரும் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றிவைத்த ஒயர் சூடேறும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். மிக்ஸியை வீட்டில் விட்டுவிடுங்கள். துணிக்கூடார ஊரில் காலை எட்டுக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் ஊரே எழுந்திருக்கும். நான் சட்னிப் பொடியோடு போகிறேன்.

மீன் குழம்பு வெச்சா பக்கத்துக் கூடாரக்காரன் சண்டைக்கு வருவானா?

வரமாட்டான். அவனே மத்தியைத் தட்டையான 'பிளான்ச்சா' அடுப்பில் போட்டுத் தோப்பையே மணக்கவைப்பான். எங்களிடம் வந்தவர்கள் கிண்ணத்தோடுதான் வந்தார்கள். தாளிப்புக்கு மிளகாய் கருகினால்தான் கஷ்டம், இருமல் நாலு மனைக்குப் போகும். தாளித்ததையும் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்துவிடலாம்.

கரி அடுப்புல கோழி சுடலாமா? அதுக்குத்தானே காம்பிங்?

கூடாது. இந்தக் கரையில் பெரும்பாலான இடங்களில் மனையில் கரி மூட்டத் தடை. சில காம்பிங்கில் தண்ணீர்க் குழாயோடு பொது அடுப்பு ஒன்று கட்டியிருப்பார்கள், அங்கே மட்டும். காட்டுக்குள் சிகரெட்டும் கூடாது.

2022 ஜூலையில் பிலா மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேன் தீப்பிடித்ததில் தொடங்கியது காட்டுத்தீ. மேட்டின் அடிவாரத்தில் இருந்த ஐந்து காம்பிங்கிலிருந்து சுமார் 6,000 பேரை நடுராத்திரியில் எழுப்பி வெளியேற்றினார்கள். சில நாள் கழித்துத் தீ அந்தக் காம்பிங்குகளையும் தின்றது. உயிர்ச்சேதம் இல்லை, ராத்திரியே கிளப்பியதால். அந்த மாதம் இந்தத் தீயும் லாந்திராஸ் என்ற ஊர்ப் பக்கம் பிடித்த தீயும் சேர்ந்து 20,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தன. இதைச் சொன்ன பிறகும் 'ஒரு கை கரிதானே' என்பவரோடு நான் காம்பிங் வருவதில்லை.

கடல்ல இறங்கலாமா? எனக்கு நல்லா நீச்சல் தெரியும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். இங்கே பெரிய ஏற்றத்தன்று நாலு மீட்டருக்கும் மேல். காலை ஆறுக்குக் கடல் நிறைந்திருந்தால் பன்னிரண்டேகாலுக்கு வற்றிக் கிடக்கும், ஆறரைக்குத் திரும்ப நிறையும். மறுநாள் எல்லாம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கடற்கரை வாசலில் அன்றைய நேரத்தை எழுதி ஒட்டியிருப்பார்கள். கூடவே 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட இழுப்பும் கூடும்.

கடல் வற்றும்போது கரையோரம் அழகான குட்டை ஒன்று தெரியும். அலையில்லை, முழங்கால் ஆழம், பிள்ளைகளை இறக்கலாம் போலிருக்கும். அதற்குத்தான் 'பாயீன்' என்று பெயர், இந்தக் கரையில் ஆளை விழுங்குவது அதுதான். மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே தேங்கிய நீர் ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் பாயும். வற்றத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் அந்த இழுப்பு நீச்சல் வீரரையும் அள்ளிக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். களைத்துப்போய் மூழ்குபவர்கள் அப்படி எதிர்த்தவர்கள்தான். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி ஆட்டுங்கள். திட்டைத் தாண்டினால் இழுப்பு அடங்கும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள், அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். 2022-க்கு முன் வந்தவர்கள் நீலக் கொடியைத் தேடாதீர்கள், அது மாறிவிட்டது. கண்காணிப்புக் கம்பத்தில் பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மணலில் உட்கார்ந்து வறுத்த கடலை மிட்டாய் தின்னலாம். காவலர்கள் போன பிறகு கொடியும் இருக்காது, குளியலும் இல்லை.

பிள்ளைங்க கால்ல ஏதோ குத்திடுச்சு, ஜெல்லி மீனா?

மணலில் புதைந்து கிடக்கும் 'வீவ்' மீனாக இருக்கும். சின்னதுதான், முதுகு முள்ளில் விஷம். வற்றத்தில் கரையோரம் நடக்கும்போது குத்தும். தேள் கொட்டின மாதிரி வலி. காவலர் கூடாரத்துக்குத் தூக்கிப்போங்கள். தாங்கும் அளவு வெந்நீரில் காலை வைப்பார்கள், சூட்டுக்கு அந்த விஷம் முறியும். ரப்பர் செருப்பு போட்டு நடந்தால் இந்த வேலையே இல்லை.

அவ்வளவு ஆபத்துன்னா நீச்சல்குளமே போதும். ஆனா எங்க வீட்டுக்காரரை உள்ள விடல. ஏன்?

தொளதொள அரைக்கால் சட்டை போட்டிருப்பார். பிரான்சில் பொதுக் குளங்களில் ஆண்களுக்கு உடம்பை ஒட்டிய நீச்சல் ஜட்டிதான். தெருவில் போட்டுத் திரிந்த துணி அழுக்கைக் கொண்டுவரும் என்பது அவர்கள் வாதம். அழுது பயனில்லை, வாசலில் விற்கும் ஜட்டியை வாங்கிவிடுங்கள். சுடிதாரோடும் குளத்தில் இறங்க முடியாது. கடலில் யாரும் கேட்கமாட்டார்கள், எதைப் போட்டும் இறங்கலாம்.

குளமும் வேண்டாம், அலையும் வேண்டாம் என்றால் பிஸ்கரோஸுக்குப் பின்னால் பெரிய ஏரிகள் இருக்கின்றன. கசோ-சாங்கினே ஏரியில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு என் ஓட்டு ஏரிக்கே.

அங்க எல்லாரும் துணியில்லாம இருப்பாங்களாமே? மாமியாரைக் கூட்டிட்டு வரலாமா?

சாதாரணக் காம்பிங்கில் அப்படி இல்லை. கடற்கரையில் மேலாடை இல்லாமல் படுத்திருக்கும் பெண்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்காதீர்கள். ஆனால் பதிவு செய்யும்போது பெயருக்குப் பக்கத்தில் 'நத்துரிஸ்த்' என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது முழு நிர்வாணக் காம்பிங். வடக்கே மோந்தாலிவேயில் 1950-லேயே அப்படி ஒன்று தொடங்கி, இன்றும் நடக்கிறது. விலையை மட்டும் பார்த்து அவசரமாகப் பதிவு செய்த ஒரு குடும்பம் எங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். மாமியாரும் உடன் போயிருந்தார்.

பக்கத்துக்காரங்க குண்டு விளையாடக் கூப்பிட்டா போகணுமா? பாஷை தெரியாதே.

போங்கள். அது பெத்தாங்க். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; பிரெஞ்சுக்காரர் போன பிறகும் அங்கே ஆட்டம் நிற்கவில்லை. மரக்குண்டு ஒன்றை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் போட்டு, இரும்புக் குண்டை அதற்கு அருகில் நிறுத்த வேண்டும். பதின்மூன்று புள்ளி எடுத்தவர் வெற்றி. எங்கள் மாமனாருக்கு பிரெஞ்சில் பத்துச் சொல்கூடச் சரியாக வராது. எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளிவிட்டு அதே இடத்தில் தன் குண்டை நிறுத்தினார் ஒரு மாலை. அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டுப் போனார்கள்.

ராத்திரி எத்தனை மணி வரைக்கும் பேசிட்டு இருக்கலாம்?

பதினொன்று. அதற்கு மேல் குரலைத் தாழ்த்த வேண்டும், வாசல் தடுப்பும் மூடிவிடும், காலை ஏழு வரை கார் உள்ளே வராது. துணிச்சுவர் சத்தத்தைத் தடுக்காது. சொத்துத் தகராறைக் காரில் உட்கார்ந்து பேசுங்கள்.

எதுக்குக் காசு குடுக்கணும்? கடலோரமாவே கூடாரம் போட்டுட்டா?

சட்டப்படி கடற்கரையில் கூடாரம் போடுவது பிரான்சில் தடை. ஆற்றுக்குடா, ஏரி, மணல்மேடு என்று இடம் தேடாதீர்கள். தீ பற்றி மேலே சொன்னதை நினைத்தாலே இந்த எண்ணம் போய்விடும். தவிர, பிஸ்கரோஸுக்குத் தெற்கே கரையின் பெரிய பகுதி ராணுவத்தின் ஏவுகணைச் சோதனை இடம். அங்கே கூடாரம் போட்டால் எழுப்ப வருபவர்கள் வேறு ரகம்.

மழை பெஞ்சா?

பெய்யும், அட்லாண்டிக் அல்லவா. மணல் தரை என்பதால் தண்ணீர் தேங்காது, அரைமணியில் உறிஞ்சிவிடும். சீட்டுக்கட்டு, இஞ்சி டீ. கூடாரத் துணியை உள்ளிருந்து விரலால் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் ஒழுகும்.

அடுத்த வருஷம் எங்களுக்கும் பக்கத்து மனை போட்டுக் குடுக்கிறியா?

ஜனவரியிலேயே சொல்லுங்கள், ஆகஸ்ட் மனைகள் சீக்கிரம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும், வரவேற்பறையில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு ராத்திரிக் கணக்கில் சுற்றுலா வரி உண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே இல்லை. முளை, பிளக், ஒயர் எங்களிடம் கூடுதலாக இருக்கிறது. நாற்காலி மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள். எங்களிடம் நாலுதான், ஒன்றில் மாமனார் எழுந்திருப்பதே இல்லை.